அப்பாவின் டிரேடிங் ஆப்பில் 1.14 கோடி காட்டுகிறது, எடுக்க 18 லட்சம் 'வரி' கட்டச் சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

வாசல்கோலம் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பால் கணக்குகூட நோட்டில் எழுதி வைப்பார், பத்து ரூபாய் இடித்தால் தூக்கம் வராது. அவரை யாராவது ஏமாற்ற முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. அவரும் நினைக்கவில்லை, சிக்கலே அதுதான்.

இணையத்தில் ஒரு பங்குச்சந்தை வகுப்பு விளம்பரத்தைத் தொட்டதில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். 'பேராசிரியர்' என்று ஒருவர் காலையில் பாடம் எடுக்கிறார். அவருக்கு உதவியாளர் என்று ஒரு பெண், அப்பாவுக்குத் தனியாக மெசேஜ் போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட விசாரிக்கிறாள். குழுவில் உள்ள மற்றவர்கள் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு ஒரு ஆப். பிளே ஸ்டோரில் இல்லை, லிங்க் அனுப்பிப் போட வைத்திருக்கிறார்கள். 'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட்', 'பிளாக் டீலில் 15 சதவீதம் குறைந்த விலை', 'ஐபிஓ கட்டாயம் கிடைக்கும்' என்று அப்பா எனக்கே பாடம் எடுக்கிறார்.

ஆரம்பத்தில் 20,000 ரூபாய் எடுத்துப் பார்த்தாராம், வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அதுதான் அவருக்கு பெரிய சாட்சி. அதற்குப் பிறகு தவணை தவணையாக மொத்தம் 23 லட்சம் அனுப்பியிருக்கிறார். கடைசித் தவணை 4 லட்சம், நேற்று மாலைதான். இப்போது ஆப்பில் 1 கோடியே 14 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், லாபம் 91 லட்சத்துக்கு 20 சதவீதம் குறுகிய கால மூலதன ஆதாய வரி, அதாவது 18.2 லட்சம், முதலில் கட்ட வேண்டும் என்கிறார்கள். எஃப்டியை உடைக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். 20 சதவீதம் என்பது சரியான வரி விகிதம்தானே, ஏமாற்றுக்காரனுக்கு இதெல்லாம் எதற்குத் தெரிய வேண்டும் என்று என்னிடமே கேட்கிறார்.

மோசடி என்று சொன்னாலே கோபப்படுகிறார். அவரை எப்படி நிறுத்துவது? போன பணத்துக்கு ஏதாவது வழி இருக்கிறதா?

ரிட்டர்ன்கிங் எழுதியது:

பேராசைதான் காரணம். சும்மா எஃப்டியில் போட்டிருக்கலாம்.

தரகுக்கடை எழுதியது:

மேலே உள்ள பதிலை விட்டுத்தள்ளுங்கள் அம்மா. உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி 2024-ல் மட்டும் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி. அத்தனை பேரும் பேராசைக்காரர்கள் என்றால் நாட்டில் மிச்சம் யார் இருக்கிறார்கள்?

நான் ஒரு புரோக்கர் நிறுவனத்துக்குத் துணைத்தரகராக அலுவலகம் வைத்திருக்கிறேன். இதே கதையோடு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மோசடி, மோசடி என்று அப்பாவிடம் சண்டை போடுவது. அந்தப் பக்கம் உதவியாளர் பெண் 'உங்கள் வீட்டில் எதிர்ப்பார்கள் சார், அவர்களுக்குச் சந்தை தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாள். நீங்கள் கத்தக் கத்த அவள் சொன்னது பலிக்கிறது என்று ஆகிவிடும்.

உங்கள் அப்பா கணக்குப் பிரிவு ஆள் என்கிறீர்கள். அப்படியானால் மோசடி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். கணக்கை டேலி பண்ணச் சொல்லுங்கள்.

எப்படி என்றால், இந்தியாவில் நாம் வாங்கும் பங்கு எந்த ஆப்பிலும் இருப்பதில்லை. என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல், இந்த இரண்டு டெபாசிடரிகளில் ஒன்றில், நம் பெயரில், நம் பான் எண்ணில் இருக்கிறது. ஆப் என்பது அதைக் காட்டும் ஜன்னல். புரோக்கர் கடையை மூடிவிட்டு ஓடினாலும் டெபாசிடரியில் உள்ள பங்கு அங்கேயே இருக்கும். டீமேட், அதாவது பங்குகளுக்கான கணக்கு, வைத்திருப்பவர்களுக்கு இவர்கள் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை அனுப்புகிறார்கள், சுருக்கமாக காஸ் என்போம். ஒரே பான் எண்ணில் எத்தனை டீமேட் இருந்தாலும் எல்லாம் அந்த ஒரே அறிக்கையில் வரும். வாங்கல் விற்றல் நடந்த மாதம் கட்டாயம் வரும், ஒன்றும் நடக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். அப்பாவுக்குப் பழைய டீமேட் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அவர் மெயிலிலேயே காஸ் கிடக்கும். பிரிண்ட் எடுங்கள். ஆப்பில் காட்டும் பங்குப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். 'அப்பா, இதில் உள்ளது அதில் எங்கே?' என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் வாயைத் திறக்காதீர்கள்.

வரி விஷயம். 20 சதவீதம் சரிதான், 2024 ஜூலை 23 முதல் பட்டியலிட்ட பங்குகளின் குறுகிய கால ஆதாயத்துக்கு அதுதான் விகிதம். இந்தக் கும்பல் செய்தித்தாள் படிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உள்நாட்டில் வசிக்கும் தனிநபரிடம் இந்த வரியைப் புரோக்கர் வசூலிப்பதே இல்லை. முன்கூட்டிய வரியாகவோ, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போதோ நாமே நேரடியாக அரசுக்குக் கட்டுவது. புரோக்கர் பிடிப்பது எஸ்டிடி என்னும் பரிவர்த்தனை வரி, ஸ்டாம்ப் டியூட்டி மாதிரி சில்லறைகள், அவையும் காண்ட்ராக்ட் நோட் என்னும் வியாபார ரசீதில் பைசா சுத்தமாக இருக்கும். இன்னொன்று, விற்றால்தானே ஆதாயம், ஆதாயம் வந்தால்தானே வரி? பணம் கையில் வருமுன் வரிக்குத் தனியாகப் பணம் கொண்டுவா என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பாவையே அந்தப் பெண்ணுக்கு இப்படி எழுதச் சொல்லுங்கள்: 'லாபத்திலேயே 18.2 லட்சத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.' உண்மையில் பணம் இருக்கிறவனுக்கு இதில் என்ன கஷ்டம்? என்ன பதில் வருகிறது என்று அவரே பார்க்கட்டும்.

காண்ட்ராக்ட் நோட் என்றேனே, அதையும் கேட்கச் சொல்லுங்கள். வாங்கினாலும் விற்றாலும் 24 மணி நேரத்துக்குள் புரோக்கர் அனுப்பியாக வேண்டும். அன்று மாலையே எக்ஸ்சேஞ்சிலிருந்தும் எஸ்எம்எஸ் வரும். அப்பாவின் போனில் அப்படி ஒன்றாவது இருக்கிறதா?

'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட்' கதையைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 பிப்ரவரியிலேயே பத்திரிகைக் குறிப்பு போட்டு மறுத்தது. சில்லறை முதலீட்டாளருக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. பிளாக் டீல் என்னும் மொத்தப் பங்கு வியாபாரத்தில் குறைந்தபட்ச ஆர்டரே கோடிக்கணக்கில், சந்தை விலையை ஒட்டித்தான் நடக்கும், 15 சதவீதத் தள்ளுபடி எல்லாம் ஜவுளிக்கடையில்தான். ஐபிஓவுக்கு, அதாவது புதிதாகச் சந்தைக்கு வரும் பங்குக்கு, விண்ணப்பித்தால் பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடங்கி நிற்கும், பங்கு ஒதுக்கப்பட்டால்தான் போகும். சில்லறைப் பிரிவில் விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 'கட்டாயம் கிடைக்கும்' என்று சொல்ல அந்தக் கம்பெனி முதலாளியாலும் முடியாது.

கடைசியாக, அப்பா பணம் அனுப்பிய கணக்குகளின் பெயரைப் பாருங்கள். எந்தெந்தப் பெயர் என்று இங்கே எழுதுங்கள் (கணக்கு எண் வேண்டாம்).

வாசல்கோலம் எழுதியது:

பார்த்தேன் சார். ஒன்று ஏதோ டிரேடர்ஸ், ஒன்று கார்மெண்ட்ஸ் கடை, ஒன்று கல்வி அறக்கட்டளை, இரண்டு தனி ஆட்கள் பெயர். ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு. கேட்டால் 'கம்பெனியின் கலெக்‌ஷன் ஏஜெண்டுகள்' என்கிறார் அப்பா. 7 லட்சம் ஆர்டிஜிஎஸ் பண்ண கிளைக்கே போயிருக்கிறார். கவுண்டரில் எதற்கு என்று கேட்டதற்கு 'மனை வாங்குகிறேன்' என்று சொல்லச் சொல்லி அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தாளாம்.

தரகுக்கடை எழுதியது:

பங்கு வாங்கக் கார்மெண்ட்ஸ் கடைக்குப் பணம்! இணையவழி ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும்போது பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கட்டாயமாக்கியதே இதற்காகத்தான். பெயர் கண்ணில் படும், ஆனால் 'ஏஜெண்ட்' என்று ஒரு விளக்கம் முன்கூட்டியே தயாராக இருந்தால் என்ன செய்வது?

செபியும் 2025 அக்டோபரில் ஒரு ஏற்பாடு செய்தது. பதிவு பெற்ற புரோக்கர்களுக்கான யுபிஐ முகவரியில் '@' குறிக்குப் பிறகு 'வேலிட்' என்ற சொல்லும் ஒட்டினாற்போல வங்கிப் பெயரும் வரும், பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் படம் தெரியும். வங்கிக் கணக்காக இருந்தால் 'செபி செக்' என்ற வசதியில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போட்டுப் பார்க்கலாம். அப்பா அனுப்பிய கணக்குகளை அதில் அவர் கையாலேயே போட வையுங்கள்.

பணத்தை மீட்கும் பக்கம் எனக்குப் பழக்கம் இல்லை. வங்கிக்காரர் யாராவது வாருங்கள்.

கவுண்டர்நாலு எழுதியது:

வந்தேன். பொதுத்துறை வங்கியில் வேலை, இப்போது கிளையில் இந்தப் புகார்களைப் பார்ப்பதும் என் பொறுப்பு.

அப்பா சம்மதிக்கும் வரை காத்திருக்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். நேற்றைய 4 லட்சம் முக்கியம். இந்தப் பணம் முதல் கணக்கில் நிற்காது. நாங்கள் லேயர் என்போம்: முதல் கணக்கிலிருந்து பத்துப் பதினைந்து கணக்குகளாகப் பிரியும், அங்கிருந்து மறுபடி பிரியும், கடைசியில் ஏடிஎம், செக், கிரிப்டோ என்று வெளியேறிவிடும். பெரும்பாலும் நிமிடக் கணக்கில் நடக்கும். ஆனாலும் கணக்கு வாடகைக்குக் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் தகராறு, அன்றைய வரம்பு முடிந்தது என்று எங்காவது கொஞ்சம் தேங்கி நிற்பதுண்டு. அதைப் பிடிக்கத்தான் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். இந்த நிமிடமே கூப்பிடுங்கள். லைன் கிடைக்காவிட்டால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி, தொகை, யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கு வங்கி தரும் அடையாள எண்), போன கணக்கு, இந்த நான்கும் வேண்டும். யுடிஆர் இல்லாமல் 'மொத்தம் 23 லட்சம் போச்சு' என்று பதிந்தால் அந்தப் பக்க வங்கியால் ஒன்றையும் தேடி நிறுத்த முடியாது. இந்த ஒரு குறையால் வீணாகும் புகார்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் பொய் நம்பிக்கை வேண்டாம். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது 2017 ஜூலை 6-ம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. அது நமக்குத் தெரியாமல், நம் அனுமதி இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் பொருந்துவது. அப்பா தானே ஓடிபி போட்டு, தானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். வங்கி அந்தச் சுற்றறிக்கையின்படி திருப்பித் தராது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனாலும், வங்கி தன் கடமையில் எங்கே தவறியது என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இப்படித் தானே ஏமாந்து அனுப்பிய பணத்துக்கும் வங்கிகள் ஈடு தர வேண்டும் என்று விதி வந்தது, உச்சவரம்பு 85,000 பவுண்டு, அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. அனுப்பும் வங்கியை மட்டும் திட்டுவதில் பயன் இல்லை, அந்தக் கார்மெண்ட்ஸ் கணக்கை யார் எதைப் பார்த்துத் திறந்தார்கள் என்ற கேள்வி வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். என் வேலைக்கு ஆபத்தான அபிப்பிராயம், விடுங்கள்.

எஃப்டி யார் பெயரில்? அம்மாவும் சேர்ந்திருந்தால், முதிர்வுக்கு முன் உடைக்கப் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்போம். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

எங்கேயாவது பணம் நிறுத்தப்பட்டால், அது தானாகத் திரும்பி வராது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 503-வது பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும், உத்தரவு வந்தால் வங்கி விடுவிக்கும். நடுவில் 'பணத்தை மீட்டுத் தருகிறோம், பத்து சதவீதம் முன்பணம்' என்று ஒருவன் கூப்பிடுவான். உங்கள் எண் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசியுங்கள். அதே கும்பல்தான், அல்லது அதே கும்பலிடம் பட்டியல் வாங்கியவன்.

பாத்திரக்கடை எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று. ஆரம்பத்தில் அப்பாவுக்கு வந்த 20,000 எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அது வேறொரு ஏமாந்தவரின் பணம். அந்த மனிதர் புகார் கொடுத்தால் உங்கள் அப்பாவின் கணக்கும் லேயரில் ஒன்றாகத் தெரியும்.

எனக்கு நடந்தது இதுதான். யாரோ ஒருவர் குக்கர் வாங்கி 3,400 ரூபாய் யுபிஐயில் போட்டார். சில வாரம் கழித்து மொத்த நடப்புக் கணக்கும் முடங்கியது. வேறு மாநிலப் போலீஸ், புகார் எண்ணைத் தவிர வங்கிக்கே ஒன்றும் தெரியவில்லை. சரக்குக்காரனுக்குக் கொடுத்த செக் திரும்பியது. பில் நகல், சிசிடிவி படம், ஜிஎஸ்டி பதிவு எல்லாம் அந்த விசாரணை அதிகாரிக்கு மெயில் அனுப்பி, தகராறுத் தொகையான 3,400-க்கு மட்டும் லீன் (அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்துவது) போட்டுக்கொள்ளுங்கள், மீதியை விடுங்கள் என்று கேட்டுத்தான் மீண்டேன். சந்தேகத் தொகை இவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவதை நீதிமன்றங்களும் கண்டித்திருக்கின்றன.

அதனால் அந்த 20,000-ஐயும் புகாரில் மறைக்காமல் எழுதுங்கள். 'இன்ன தேதியில் இன்ன கணக்கிலிருந்து வந்தது, நம்ப வைப்பதற்காக அனுப்பியது' என்று. பின்னால் கேள்வி வரும்போது அந்த வரி காப்பாற்றும்.

வாசல்கோலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

1930-க்கு அப்போதே கூப்பிட்டுவிட்டேன், அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய நோட்டைப் பார்த்துத்தான் எல்லா யுடிஆரும் கொடுத்தேன். ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார்! காஸ் வைத்துப் பேசியது வேலை செய்தது. அவருடைய பழைய வங்கிப் பங்கு 200 மட்டும் அதில் இருந்தது. 'சர்வர் அப்டேட் ஆகியிருக்காது' என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் லாபத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி அவரே மெசேஜ் போட்டார். முதலில் 'கம்பெனி விதி' என்றாள். இரண்டாவது முறை கேட்டதும், இரவுக்குள் கட்டாவிட்டால் வருமான வரித்துறை கணக்கை முடக்கும், கைது வரும் என்று வந்தது. அவர் ஆபீசில் எத்தனை நோட்டீஸ் பார்த்தவர்! 'எந்த டிபார்ட்மெண்ட் ராத்திரிக்குள்ள கெடு வைக்கும்?' என்று அவரே கேட்டார். அதோடு முடிந்தது. எஃப்டி தப்பியது.

கடைசியாக அனுப்பிய 4 லட்சத்தில் 1.6 லட்சம் ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. மீதிக்கு ஒன்றும் தெரியவில்லை. பாத்திரக்கடை அண்ணா, நீங்கள் சொன்னபடியே நடந்துவிட்டது. அப்பாவின் கணக்கில் 20,000-க்கு லீன் விழுந்திருக்கிறது. பென்ஷன் வருவதும் அந்தக் கணக்குதான். என்ன செய்யட்டும்?

பாத்திரக்கடை எழுதியது:

20,000-க்கு மட்டும்தானே? அப்படியானால் நல்லது, அதை எடுக்க இப்போதைக்கு முயற்சி செய்யாதீர்கள். கிளையில் புகார் எண்ணும் விசாரணை அதிகாரியின் மெயிலும் கேட்டு வாங்கி, உங்கள் 1930 புகாரின் நகலை இணைத்து அவருக்கு அனுப்புங்கள். அப்பாவும் பாதிக்கப்பட்டவர் என்பது அவர்கள் கோப்பில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து முழுக் கணக்கையும் முடக்கலாம். போலீஸ் என்று யாராவது வீடியோ காலில் வந்தால் கட் பண்ணிவிட்டு, அந்த ஸ்டேஷன் எண்ணை நீங்களே தேடிக் கூப்பிடுங்கள்.

கவுண்டர்நாலு எழுதியது:

இதோடு, 1.6 லட்சத்துக்கு மனுப் போடும்போது வங்கி அறிக்கையை ஆப்பில் இறக்கிய பிடிஎஃப்பாக வைக்காதீர்கள். கிளையில் சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள், 4 லட்சம் போன வரியில் யுடிஆர் முழுதாகத் தெரிகிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். எங்கள் பிரிண்டர் அந்தக் கடைசி எண்களை வெட்டும்.